உலோக இடுப்பு மூட்டும் எம்.ஆர்.ஐ. படமும்



இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து கொண்ட மூத்தவர்கள் எமது ஆலயக் குடும்பங்களில் இன்று பலர் இருக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு அது மறுவாழ்வு தந்த சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1997ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பதினைந்து ஆண்டு காலத்தில் இச்சிகிச்சையைப் பெற்றவர்களுள் ஒரு பகுதியினருக்கு, பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகத்தால் ஆன மூட்டு பொருத்தப்பட்டது. இவர்களுக்கு வைத்தியசாலையிலிருந்து அவ்வப்போது ஒரு கடிதம் வரும். இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் வருமாறு அதில் எழுதியிருக்கும். அக்கடிதம் சில வீடுகளில் மின்சாரப் பட்டியல்களோடு சேர்ந்து லாச்சிக்குள் போய்விடுகிறது.

ஏன் போகவில்லை என்று கேட்டால் இரண்டு பதில்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "எனக்கு நோவு ஒன்றும் இல்லையே தம்பி, பிறகேன் போவான்?" என்பது ஒன்று. "உள்ளுக்கு இரும்பு இருக்குது, அந்தக் காந்த மெசினுக்குள்ளே போனால் இழுத்துப் போடும்" என்பது மற்றது. கதிர்ப்படப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இவ்விரண்டு பதில்களையும் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டின் வரலாறு

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்திற்குள் சுழலும் பந்து. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டையும் உலோகத்தால் செய்து பொருத்தும் எண்ணம் புதியதன்று. 1938இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் துருப்பிடிக்காத உருக்கைக் கொண்டு அதனைச் செய்து பார்த்தார். 1960களில் நொர்விச் நகரில் ஜோர்ஜ் மக்கீ கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தினார். அதே காலத்தில் லங்காஷயரில் உள்ள றைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி வேறு வழியில் போனார். உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் என்பது அவருடைய வழி. முதலில் டெஃப்லோன் கிண்ணங்களை வைத்தார். அவை விரைவில் தேய்ந்து போயின. 1962 நவம்பரில் பொலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அது வெற்றி கண்டது. இன்று வரை உலகெங்கும் பொருத்தப்படும் பெரும்பாலான மூட்டுகளின் அடிப்படை அதுவே.

ஆனால் பிளாஸ்டிக்கும் காலப்போக்கில் தேயும். எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய குறையன்று. ஐம்பது வயதில் ஓடியாடித் திரிபவருக்கோ அது குறைதான். ஆகவே பேர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் என்பவரும் அவருடைய குழுவினரும் உலோகத்தோடு உலோகம் சேரும் முறைக்குத் திரும்பினார்கள். தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாமல், அதன் மேல் ஓர் உலோகத் தொப்பியை மாட்டுவது அம்முறை. 1997இல் அறிமுகமான அந்தப் பேர்மிங்ஹாம் மூட்டு, குறிப்பாக உடல் பருத்த இளைய ஆண்களில், நன்றாகவே உழைத்தது. அதைப் பார்த்து ஏனைய நிறுவனங்களும் களத்தில் இறங்கின. தண்டு பொருத்திய முழு மூட்டுகளிலும் பெரிய உலோகப் பந்துகள் வந்தன.

இங்கேதான் கதை திரும்புகிறது. டிப்பியூ நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டின் கிண்ணம் ஆழம் குறைந்தது. கொஞ்சம் சரிந்து பொருத்தப்பட்டாலும் பந்து கிண்ணத்தின் நடுவில் தங்காமல் விளிம்பில் உராயும். அவுஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு அதனை முன்னரே கண்டுகொண்டது. 2009 டிசம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அம்மூட்டு நீக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின் தரவுகளின்படி ஐந்தாண்டுகளுக்குள் 12 முதல் 13 வீதமானோருக்கு மறு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது தெரியவந்ததும், 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலுமிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

யார் எந்த மூட்டை வைத்திருக்கிறார் என்று எழுதி வைக்கும் ஒரு கணக்குப் புத்தகம்தான் இவ்வளவையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது என்பதைக் கவனியுங்கள். பதிவேடு இல்லாத நாடுகளில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

உராய்வினால் வரும் தொல்லை

இரண்டு உலோகங்கள் உராயும் போது மிக நுண்ணிய துகள்கள் கழன்று விழுகின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு நானோமீற்றர் எனப்படும். இத்துகள்களிற் பல சில பத்து நானோமீற்றர் அளவே உடையவை. உடலின் காவற் கலங்கள் அவற்றை வந்து விழுங்குகின்றன. விழுங்கிய கலங்கள் நஞ்சேறி இறக்கின்றன. சிலருடைய உடல் இதற்கும் மேலே போய், உலோகத்தின் மீது ஒவ்வாமை போன்ற பெரும் எதிர்ப்பைக் காட்டுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசையும் தசைநாண்களும் அழுகத் தொடங்குகின்றன. திரவம் நிறைந்த பைகளும் உருண்டைகளும் உருவாகின்றன.

2008இல் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் இதனைப் 'போலிக்கட்டி' என்ற பெயரில் விவரித்தனர். அவர்கள் எழுதிய பதினேழு நோயாளரும் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பெண்களின் எலும்பு சிறியது, ஆகவே மூட்டும் சிறியது. சிறிய மூட்டில் விளிம்பு உராய்வு எளிதில் ஏற்படும். (பேர்மிங்ஹாம் மூட்டையும் பெண்களுக்குப் பொருத்துவது 2015இல் நிறுத்தப்பட்டது.) கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். இது புற்றுநோய் அன்று; அதனால்தான் 'போலி' என்ற அடைமொழி. ஆனால் புற்றுநோய் இல்லை என்பதற்காகச் சும்மா விட்டுவிடக் கூடியதுமன்று. அது வளர்ந்து நரம்பை அழுத்தலாம்; இரத்தக் குழாயை அழுத்திக் காலை வீங்கச் செய்யலாம். பிட்டத் தசைகளின் நாண்களை எலும்பிலிருந்து அரித்து விடுவித்தால், நடக்கும் போது உடல் ஒரு பக்கம் சாயும். மூட்டு அடிக்கடி நழுவும்.

முக்கியமான விடயம் இதுதான்: உலோக மூட்டைக் கழற்றிப் புதியதை வைக்கலாம், ஆனால் அழுகிப் போன தசையைக் கடையில் வாங்கிப் பொருத்த முடியாது. தசைகள் நன்றாக இருக்கும் போதே மறு சத்திரசிகிச்சை செய்தவர்கள் நன்றாக நடக்கிறார்கள். தசை போன பின்பு செய்தவர்களின் நிலை அப்படியன்று. இது நோவு வருவதை வைத்துத் தீர்மானிக்கக் கூடிய காரியமன்று. ஏனெனில் நோவே இல்லாத இடுப்புகளிலும் போலிக்கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. "நோவில்லை, ஏன் போவான்" என்ற கேள்விக்குரிய விடை இதுவே.

இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது ஒரு வழி. பிரித்தானிய மருத்துவ ஒழுங்காற்று நிறுவனம் 2010இல் ஒரு லீற்றருக்கு 7 மைக்ரோகிராம் என்ற எல்லையைக் குறித்தது. அதற்கு மேல் இருந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். எனினும் 7 என்பது ஒரு மதிற்சுவர் அன்று. அளவு குறைந்தவர்களிலும் தசைச் சேதம் உண்டு. கூடியவர்களில் ஒன்றும் இல்லாததும் உண்டு. இரத்தம் அறிகுறி சொல்லும், இடத்தைச் சொல்லாது. எக்ஸ்ரே படமோ எலும்பையும் உலோகத்தையும் அழகாகக் காட்டும். தசையும் திரவமும் அதில் வெறும் சாம்பல் நிறப் புகை. அல்ட்ரா சவுண்ட் பரிசோதனை மலிவானது, மேலோட்டமான திரவப் பைகளை நன்கு காட்டும். ஆனால் ஆழத்தில் உள்ளதைக் காண்பது கடினம். செய்பவரின் கைத்திறனையும் பொறுத்தது. ஆகவேதான் எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கிறது.

காந்தம் எப்படிப் படம் பிடிக்கிறது?

எமது உடலில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஐதரசன் அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறிய காந்தம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா வலிமை கொண்டது. பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. அதற்குள் நாம் படுத்ததும் இச்சிறு காந்தங்கள் ஒரு திசையில் ஒழுங்கு பெறுகின்றன. பின்பு வானொலி அலையால் ஒரு தட்டுத் தட்டினால், கோயில் மணியை அடித்தது போல, அவை ரீங்காரம் செய்கின்றன. அந்த ரீங்காரம் கொழுப்பில் ஒரு விதமாகவும், தசையில் ஒரு விதமாகவும், திரவத்தில் இன்னொரு விதமாகவும் அடங்குகிறது. இந்த வேறுபாடே கறுப்பு வெள்ளைப் படமாக மாறுகிறது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இதில் இல்லை.

எந்த ரீங்காரம் எந்த இடத்திலிருந்து வந்தது என்று இயந்திரத்திற்கு எப்படித் தெரியும்? காந்தப் புலத்தை ஒரு பக்கத்தில் கூட்டி மறு பக்கத்தில் குறைத்து வைக்கிறார்கள். ஆகவே ஒவ்வோர் இடத்தின் மணியும் வேறு வேறு சுருதியில் ஒலிக்கும். சுருதியைக் கொண்டு இடத்தை அறிகிறது இயந்திரம். இங்கேதான் உலோகம் குழப்பம் செய்கிறது. கோபால்ட் குரோமிய மூட்டு தன்னைச் சுற்றியுள்ள புலத்தை வளைத்துவிடுகிறது. சுருதி கலைகிறது. மூட்டுக்கு அருகில் உள்ள தசையின் ஒலியை, அது எங்கோ தள்ளியிருக்கும் இடத்திலிருந்து வந்ததாக இயந்திரம் எண்ணிக்கொள்கிறது. விளைவு, நாம் பார்க்க விரும்பும் இடத்தில் ஒரு கரும்பள்ளம். அதன் ஓரத்தில் கண்ணைக் கூசும் வெள்ளைக் கோடுகள்.

இதனைச் சரிசெய்யும் முறைக்கு 'மார்ஸ்' என்று பெயர். மெட்டல் ஆர்ட்டிஃபாக்ட் ரிடக்ஷன் சீக்குவென்ஸ் என்பதன் சுருக்கம். உலோகத்தால் வரும் படக்கோளாறைக் குறைக்கும் முறை என்று பொருள். (கடிதத்தில் 'மார்ஸ் ஸ்கான்' என்று கண்ட ஒரு மாமி, இது செவ்வாய் தோஷத்தோடு ஏதும் சம்பந்தமோ என்று கேட்டார். இல்லை.) அதற்கெனத் தனி இயந்திரம் கிடையாது, அதே இயந்திரத்தை வேறு விதமாக இயக்குவதுதான். சுருதி விலகலைச் சிறிதாக்கும் பொருட்டு அலைவரிசையை அகலப்படுத்துகிறார்கள். படம் சற்றுப் பொரிபொரியாக வரும், ஆனால் இடம் பிசகாது. துண்டுகளை மெல்லியதாக வெட்டுகிறார்கள். கொழுப்பை மறைப்பதற்கு வழக்கமாகக் கொழுப்பின் சுருதியைத் தேடி அணைப்பார்கள். சுருதியே கலைந்த இடத்தில் அது பலிக்காது என்பதால், கொழுப்பின் ரீங்காரம் அடங்கும் நேரத்தைக் கொண்டு அணைக்கும் 'ஸ்டிர்' என்ற முறையைக் கையாளுகிறார்கள். 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'சேமக்', 'மாவ்ரிக்' என்ற இரு முறைகள் இதற்கும் மேலே போய், இடம் பெயர்ந்த ஒலிகளைத் தேடிப் பிடித்து அவற்றின் சொந்த இடத்தில் கொண்டு வந்து வைக்கின்றன. நேரம் கூடுதலாகும்.

இன்னொன்று: காந்தம் வலிமை கூடக் கூடப் படம் நன்றாக இருக்கும் என்பது பொது விதி. உலோக மூட்டு விடயத்தில் அது தலைகீழ். 3 டெஸ்லா இயந்திரத்தில் கோளாறும் பெருகும். ஆகவே "புதிய பெரிய மெசின் இருக்க, எங்களைப் பழைய மெசினில் விடுகிறார்கள்" என்று வருந்த வேண்டியதில்லை. 1.5 டெஸ்லாவே இதற்குப் பெரும்பாலும் ஏற்றது.

அப்படியென்றால் மூட்டை இழுத்துவிடாதா? தனிக் கோபால்ட் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம்தான். ஆனால் குரோமியமும் மொலிப்டினமும் சேர்ந்த கலவையாக அதைச் செய்யும் போது அந்தக் குணம் போய்விடுகிறது. மேலும் மூட்டு எலும்போடு இறுகியிருக்கிறது. நாம் பேச்சுக்கு இரும்பு என்கிறோமே தவிர அது இரும்பன்று. சிலருக்கு அந்த இடத்தில் மெல்லிய சூடு தெரியலாம். தெரிந்தால் கையில் தரப்படும் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

படத்தில் என்ன தேடுகிறார்கள்?

முதலில் மூட்டைச் சுற்றித் திரவம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால், அந்தப் பையின் சுவர் மெல்லியதா தடித்ததா, உள்ளே நீரா, கூழா, கெட்டிப் பொருளா என்பது முக்கியம். மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் உடைய சிறிய பையை வைத்தியர்கள் பெரும்பாலும் கண்காணித்து வருவார்கள். தடித்த சுவரும் கெட்டிப் பொருளும் கவலைக்குரியவை. அதன்பின் பிட்டத் தசைகளின் நாண்கள் எலும்பில் ஒட்டியிருக்கின்றனவா, தசை மெலிந்து கொழுப்பாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் எண்ணப்படி அறிக்கையிலேயே மிகப் பெறுமதியான வரி இதுதான். பை பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், தசை மிஞ்சியிருக்கிறதா என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது. நரம்புகளின் பாதை, எலும்பின் அரிப்பு ஆகியவையும் பார்க்கப்படும். கிருமித் தொற்றும் இதே போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், சில வேளைகளில் ஊசியால் நீர் எடுத்துச் சோதிப்பார்கள்.

ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் உடனே கத்தி எடுப்பதில்லை. நோவு, நடை, இரத்த அளவு, மூட்டின் வகை, கிண்ணம் பொருத்தப்பட்ட கோணம், முந்தைய படம் எல்லாம் சேர்த்தே முடிவு. முந்தைய படம் என்று சொன்னேன் அல்லவா; முதலாவது ஸ்கானுக்குப் போகாதவருக்கு இரண்டாவதில் ஒப்பிட ஒன்றும் இராது.

பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தவர்களும் இதனை ஒரு முறை வாசித்து வைப்பது நல்லது. உலோகப் பந்து தண்டின் கழுத்தில் மாட்டப்படும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டு, இதே தொல்லை வந்த நோயாளர் இருக்கின்றனர். அரிதுதான். ஆனால் பல ஆண்டுகள் நன்றாக இருந்த இடுப்பில் காரணம் தெரியாத நோவோ வீக்கமோ வந்தால், இதனையும் பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

ஸ்கானுக்குப் போகும் நாளில்

அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாது படுக்க வேண்டும். இயந்திரம் பெரும் சத்தம் போடும்; காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஒடுங்கிய இடத்துக்குப் பயந்தவர்கள் முன்னமே சொல்லிவிட்டால் மருந்து தருவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதில் கருவி, கண்ணில் எப்போதோ புகுந்த உலோகத் துகள் ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டைப் போல இவை பாதுகாப்பானவை என்று எண்ணிவிடக் கூடாது. உடலில் ஒட்டிய மருந்துப் பட்டைகளும், நீரிழிவுக்காரர் கையில் ஒட்டும் சீனி அளவி போன்றவையும் கழற்றப்பட வேண்டும்.

எமது பெண்களுக்குத் தாலிக்கொடி ஒரு சங்கடம். தங்கம் காந்தத்தால் இழுபடாது என்பது உண்மை. ஆனால் கலப்பு உலோகம் என்ன என்பது ரேடியோகிராபருக்குத் தெரியாது. கனத்த சங்கிலி வளையமாகக் கிடந்தால் சூடேறவும் கூடும். ஆகவே கழற்றச் சொல்வார்கள். அந்த நேரத்தில் திடீரென்று சொல்லக் கேட்டு, மறுத்து, ஸ்கான் செய்யாமலே திரும்பி வந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக் கொண்டு போனால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐயாமார் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தையும் மறந்துவிடாதீர்கள். செப்புத் தகடு என்று தெரிந்தாலும், உள்ளே என்ன வைத்து மூடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மொழிச் சிக்கல் இருப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் அதற்குக் கட்டணமில்லை. பிள்ளைகள் மொழிபெயர்க்கும் போது நீண்ட விளக்கம் 'ஒன்றுமில்லையாம் அம்மா' என்று சுருங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஊரில் உள்ள பெற்றோருக்கு

ஏ.எஸ்.ஆர். மூட்டு இந்தியாவிலும் விற்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 4,700 சத்திரசிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டதாகவும், அவர்களுள் 3,600 பேர் வரை எங்கிருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு கூறியது. தேசியப் பதிவேடு அவர்களைக் காக்கவில்லை. 2018இல் இந்திய அரசு பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 இலட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுச் சூத்திரம் வகுத்தது. ஆனால் தனக்கு எந்த மூட்டு இருக்கிறது என்று தெரியாதவர் அதனை எப்படிக் கேட்பார்?

எனவே, சென்னையிலோ மற்ற நகரங்களிலோ 2003க்கும் 2010க்கும் இடையில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெற்றோர் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும் போது பழைய வைத்தியசாலைக் கோவையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்புத் தாளில் அல்லது விடுகைக் கடிதத்தில் சிறிய ஒட்டுத்தாள்கள் இரண்டு மூன்று இருக்கும். மூட்டின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் ஆகியவை அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தாள் கிடைக்காவிட்டால் இடுப்பின் ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டலாம். பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் பிளாஸ்டிக்கின் இடைவெளி தெரிகிறதா இல்லையா என்பதை அவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.